அக்கா சிவப்பென்று சொன்ன பச்சைக்கல்

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் போய் இரண்டு வருடமாவது இருக்கும். நாங்கள் அப்போது உரும்பிராயில் இருந்தோம். தோட்டக்காரக் குடும்பம், வெங்காயம், மரவள்ளி, கொஞ்சம் புகையிலை. என் மூத்த மகளுக்குப் புத்தூரில் மாப்பிள்ளை பொருந்தி, ஆவணியில் நாளும் வைத்தாகிவிட்டது. எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. அதனால் கதையைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. வளைத்தால் திரும்பி வர எனக்கே வழி தெரியாது.

மாப்பிள்ளை பொருந்தினார், சாதகம் பொருந்தியது. மகளின் கை மட்டும் வெறுங்கையாக இருந்தது. ஒரு மோதிரம்கூட இல்லை.

ஏன் இல்லை என்று கேட்பீர்கள். எண்பத்தேழில் சண்டை வந்து ஊரே கோயிலுக்கு ஓடியபோது, என் மனுசன் வீட்டு நகைகளையெல்லாம் பால்மாத் தகர ரின் ஒன்றில் போட்டு, வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்து முருங்கை மரத்தடியில் புதைத்தார். "ஒருத்தராலையும் கண்டுபிடிக்க ஏலாது" என்றார். மனுசன் சொன்ன சொல் தவறவில்லை. திரும்பி வந்து பார்த்தால், ஷெல் விழுந்து முருங்கை நின்ற இடமே தெரியவில்லை. எங்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கோடி முழுவதையும் கொத்திப் பார்த்தோம். ரின் அகப்படவில்லை. அந்த வருடம் வெங்காயம் நடுவதற்கு நிலம் கொத்துகிற வேலை மட்டும் மிச்சம்.

கலியாணத்துக்குச் சங்கிலி என் தங்கச்சியிடம் இரவல். காப்பு ஒன்றுவிட்ட மச்சாளிடம் இரவல். மோதிரத்துக்குத்தான் ஆளில்லை. மோதிரம் சின்னச் சாமான்தானே என்று நினைக்காதீர்கள். கன்னிகாதானத்தில் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்கும்போது சபை முழுவதும் கையைத்தான் பார்க்கும். அதிலும் மாப்பிள்ளையின் மாமி ஒருவர் இருந்தார். தட்டானின் தராசு கொஞ்சம் பிழைத்தாலும் அவர் கண் பிழைக்காது என்று புத்தூர்ப் பக்கம் பேச்சு.

இதையெல்லாம் நானும் மகளும் கிணற்றடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் கிணற்றடிக்கு அடுத்தது வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பென்சன்காரர் வீட்டு அக்கா. அவருடைய கணவர் ரயில்வேயில் மலைநாட்டுப் பக்கம் வேலை பார்த்து, பென்சன் எடுத்த கையோடு காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அக்கா தனியாகத்தான் இருந்தார்.

அந்த அக்காவுக்கும் எனக்கும் அப்போது கதை பேச்சு கிடையாது. வேலி அடைத்தபோது வேலிக்கு ஊன்றுகிற கதியால் ஒன்று எல்லையை விட்டு அரை முழம் அரக்கி நடப்பட்டிருந்தது. எந்தப் பக்கம் அரக்கினது, யார் அரக்கினது என்று என்னிடம் கேட்காதீர்கள். கதியால் பச்சை மரம்தானே, கால் முளைத்து நடந்திருக்கும். அதற்குப் பிறகு கோயிலில் கண்டால் அவர் அம்மனைப் பார்ப்பார், நான் வைரவரைப் பார்ப்பேன்.

மறுநாள் பகல், நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்க, வேலிப் பொட்டுக்குள் ஒரு தலை வந்தது. நாய், கோழி போகிற ஓட்டை அது. அக்கா குனிந்து, கொண்டையில் கிடுகுத் தும்பு ஒட்டியபடி, இந்தப் பக்கம் வந்து நிமிர்ந்தார்.

"என்னடி முழுசுறாய்? கதியால் பிடுங்க வரேல்லை" என்றார்.

கையில் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. அவிழ்த்துக் காட்டினார். நான் அப்படியொரு மோதிரத்தை அதற்கு முதல் கண்டதில்லை. பழங்காலத்துப் பொன், கொஞ்சம் செம்பு ஓடின நிறம். இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கொடி வேலைப்பாடு. நடுவில் புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு ஒரு பச்சைக்கல். மரகதத்தின் பச்சை இல்லை. மழை பெய்த அடுத்த நாள் வெங்காயத் தாளில் வெயில் படுமே, அந்தப் பச்சை. கண்ணை எடுக்க முடியவில்லை.

"உன்ரை பெட்டைக்குப் போடு. வேலிச் சண்டை உனக்கும் எனக்கும். அவளுக்கும் எனக்கும் என்ன?"

எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வராத சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. அக்கா அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார்.

"தாலி அறுத்தவளின்ரை மோதிரம் எண்டு யோசிக்கிறியோ? பயப்பிடாதை. நான் இதை ஒருநாளும் விரலிலை போட்டதில்லை. மனுசன் இரத்தினபுரிப் பக்கம் ஆரோ பழைய குடும்பத்திட்டை வாங்கிக்கொண்டு விடியப்புறக் கோச்சியிலை வந்து இறங்கினார். அண்டைக்கே சாத்திரியாரிட்டைக் காட்டினம். என்ரை நட்சத்திரத்துக்குப் பச்சைக்கல்லு கூடாதெண்டிட்டார். அதோடை பெட்டிக்குள்ளை வைச்சதுதான். அந்தாளின்ரை திவசத்தண்டு பகல் ஒருக்கா எடுத்துப் பாத்துப்போட்டுத் திருப்பி வைப்பன். அவ்வளவுதான்."

பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அந்தாளின்ரை ஞாபகத்துக்கு எண்டு என்னட்டை மிஞ்சினது இது ஒண்டுதானடி. கவனம்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பவும் பொட்டுக்குள் குனிந்து போய்விட்டார். நன்றி சொல்லக்கூட விடவில்லை. சொல்லியிருந்தாலும் அவருடைய முதுகுக்குத்தான் சொல்லியிருப்பேன்.

கலியாணம் கோயிலில், காலை முகூர்த்தம். மாப்பிள்ளை மண்ணெண்ணெயில் ஓடுகிற காரில் வந்து இறங்கினார். மாலையைவிடப் புகைதான் முதலில் தெரிந்தது. மகளின் கையை அவர் கையில் கொடுத்தபோது அந்தக் கல் வெயிலில் ஒரு மின்னல் மின்னியது பாருங்கள், சபையில் குசுகுசுவென்று ஒரு அலை ஓடியது. மாப்பிள்ளை பகுதி எட்டிப் பார்த்தது. நான் எங்கேயோ பார்க்கிற மாதிரி நின்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோசத்தில் கொள்ளைப் புழுகம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, கால்மாறிப் போகிற முறைக்கு மகளும் மருமகனும் புத்தூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், இருள் கவிகிற மைமல் பொழுதில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். மருமகன் முன் விறாந்தையில் என் மனுசனோடு இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். நான் மகளைக் குசினிக்குள் கூப்பிட்டு மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். இரவல் நகை ஒரு இரவுகூட எங்கள் வீட்டில் தங்கக் கூடாது என்று எனக்கு.

மோதிரத்தில் சந்தனம் அப்பியிருந்தது. தண்ணீரில் கழுவி, ஜாம் போத்தல் விளக்குக்குக் கிட்டப் பிடித்தேன்.

கல் சிவப்பு.

மாதுளம் முத்து மாதிரிச் சிவப்பு. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். குங்குமம் ஒட்டியிருக்கும் என்று நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். பச்சையின் சிலமனே இல்லை.

"எடியே, இதை ஆரிட்டையும் கழட்டிக் குடுத்தனியோ?"

மகளின் முகம் வெளிறிவிட்டது. "அங்கை அவரின்ரை மாமி கேட்டவ அம்மா. 'எங்கை பாப்பம்' எண்டு கழட்டிக்கொண்டு போய் யன்னலடியிலை வைச்சுப் பாத்தவ. பேந்து தந்தவ. நான் உடனை விரலிலை போட்டிட்டன். வடிவாப் பாக்கேல்லை."

இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம். அந்தக் காலத்தில் கல் மாற்றுகிற கதைகள் ஊரில் நிறைய. கடைசியில் மகள்தான் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, கலியாணத்தண்டே அவையளைக் கள்ளர் எண்டு சொல்லப் போறியளோ?"

சொன்னால் மகளின் வாழ்க்கை முதல்நாளே முறிந்துவிடும். சொல்லாவிட்டால் கள்ளி நான். அதுவும் யாருக்கு? வேலிக்காக நான் வசைபாடின ஒரு விதவைக்கு, அவருடைய மனுசனின் ஒரே நினைவை மாற்றிக் கொடுத்த கள்ளி. ஊர் அதைத்தான் சொல்லும். "கதியாலை அரக்கினவளுக்குக் கல்லை அரக்கத் தெரியாதோ?" என்று சொல்வதற்கு எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் வடிவாக.

என் காதில் கிடந்த தோட்டைக் கழற்றினேன். மிஞ்சின நகை அதுவும் தாலிக்கொடியும்தான். தோட்டைக் கொடுத்து, கல் என் கையால் தவறிப் போய்விட்டது என்று காலில் விழுவோம் என்று முடிவு. மோதிரத்தையும் தோட்டையும் ஒரே கைக்குள் பொத்திக்கொண்டு பொட்டுக்குள் குனிந்தேன்.

அக்கா சாமி அறைக்கு வெளியே பாயில் இருந்தார். பக்கத்தில் போத்தல் விளக்கு. மோதிரத்தைக் கையில் வைத்தேன். தோட்டைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அவர் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பால் கல்லைத் துடைத்து, இன்னொருமுறை பிடித்துப் பார்த்தார்.

"எங்கை கழட்டினவள்?" என்றார்.

"புத்தூரிலை. மாமிக்காரி ஒருக்கா வாங்கிப் பாத்தவவாம். அக்கா, இந்தத் தோட்டை…"

அவர் என் கையைப் பார்க்கவில்லை. வேலிக்கு மேலால் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். விறாந்தையில் மருமகன் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்கா கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மோதிரத்தை மஞ்சள் துணியில் வைத்து முடிந்தார்.

"தோடு ஏன்? என்ரை மோதிரம்தானே தந்தனான். என்ரை மோதிரம் வந்திட்டுது."

"அக்கா, அது பச்சை…"

"ஆர் சொன்னது பச்சை எண்டு? உனக்கு வெள்ளெழுத்து. இது சிவப்புக்கல்லுத்தான்."

"நீங்கள்தானே சாத்திரியார் பச்சை கூடாதெண்டு சொன்னவரெண்டு…"

"சிவப்புக் கூடாதெண்டவர். சாத்திரியார் எனக்குச் சொன்னவரோ உனக்குச் சொன்னவரோ?" என்று அதட்டினார். பிறகு எழும்பிப் போய், எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியையும் வைத்தார். சீனி கிடைக்காத காலம்; பனங்கட்டியும் எண்ணிக் கடிக்கிற காலம். "குடி. முகம் காஞ்சு கிடக்கு. குடிச்சிட்டுப் போய் மருமேனுக்குச் சோத்தைப் போடு. உதைப்பற்றி ஒருத்தரோடையும் கதையாதை. பெட்டை வாழப்போற இடம்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவருக்கும் தெரியும். கல் மாறிவிட்டது என்று எனக்கு எவ்வளவு நிச்சயமோ அவருக்கும் அவ்வளவு நிச்சயம். தெரிந்துகொண்டு, ஒருநாளும் பொய் சொல்லிப் பழகாத வாயால், நட்சத்திரத்தையும் சாத்திரியையும் சாட்சிக்கு இழுத்துப் பொய் சொல்கிறார். என் மகள் நிம்மதியாக வாழ வேண்டும் என்று. தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தேன். பனங்கட்டியை அப்படியே வாயில் அடக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். சிரித்த முகத்தோடு மருமகனுக்குச் சோறு போட்டேன். அன்றைக்கு நான் நடித்த நடிப்புக்கு மேடை போட்டிருக்க வேண்டும்.

விடிந்தது. மருமகனுக்கு இடியப்பம் அவித்துக்கொண்டிருக்கிறேன். வேலிக்கு அங்காலிருந்து ஊர் கூடுகிற மாதிரி ஒரு சத்தம்.

"எடியே! ஓடி வாடி! உன்ரை அடுப்பை விட்டிட்டு ஓடி வாடி!"

இரவு முழுவதும் யோசித்து மனம் மாறிவிட்டார், இப்போது நியாயம் கேட்கப் போகிறார், மருமகனின் காதிலும் விழப் போகிறது என்றுதான் நினைத்தேன். இடியப்பம் பிழிகிற மர உரலைக் கையில் பிடித்தபடியே பொட்டுக்குள் புகுந்தேன்.

அக்கா முற்றத்தில் வெயிலில் நின்றார். தலை விரிந்து கிடந்தது. உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கல் பச்சை. அதே வெங்காயத் தாள் பச்சை.

"பிள்ளையாரடி! இரவு பிள்ளையாற்றை படத்துக்குக் கீழை வைச்சிட்டு, 'அப்பனே, பொய் சொல்லிப்போட்டன், பொறுத்துக்கொள்' எண்டு கும்பிட்டனான். விடிய எடுத்துக்கொண்டு வெளியிலை வாறன், மாத்தி வைச்சிருக்கிறார்!"

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. எனக்கும்தான். ஆனால் எனக்கு எப்போதும் ஒரு குணம், சாமி காரியத்திலும் ஒருமுறை தட்டிப் பார்ப்பேன். "எந்த இடத்திலை வைச்சனீங்கள், காட்டுங்கோ" என்று மோதிரத்தை வாங்கிக்கொண்டு சாமி அறைக்குள் போனேன். யன்னல் இல்லாத அறை. காலை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிள்ளையாருக்கு முன்னால் பிடித்தேன்.

சிவப்பு.

"ஐயோ, திருப்பி எடுத்துப்போட்டார்!" என்று அக்கா கத்தினார். நான் பயத்தில் வெளியே ஓடினேன். வெளியே வந்தால் பச்சை. உள்ளே ஓடினேன். சிவப்பு. பிறகு அக்கா வாங்கிக்கொண்டு ஓடினார். பச்சை. சிவப்பு. கலியாண வீட்டுக்காரியும் பென்சன்காரர் மனுசியும் விடிய வெள்ளன முற்றத்துக்கும் அறைக்கும் ஓடி ஓடிப் பிடித்து விளையாடியதை எங்கள் நாய் எழும்பி நின்று பார்த்தது.

கடைசியில் அக்காதான் வாசற்படியில் மூச்சு வாங்க இருந்துகொண்டு சொன்னார்: "பிள்ளையாருக்கு இதைவிட வேலை இருக்குமடி. விளக்குத்தான். பகலிலை பச்சை, விளக்கிலை சிவப்பு. நான் ஒருநாளும் இதை விளக்கடியிலை எடுக்கேல்லையே! எல்லாம் பகலிலைதானே பாத்தனான்."

பிறகு என் கையைப் பார்த்தார். "உதென்னத்துக்கு உரல்? என்னை இடிக்கவோ?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. சிரிப்பு அடங்கின பிறகு நான் சொன்னேன்: "அக்கா, பொய் சொல்லத் தெரியாத ஆக்கள் பொய் சொன்னால் இப்பிடித்தான். உங்கடை மோதிரம்தான், சிவப்புக்கல்லுத்தான் எண்டு சொன்னியள். ரெண்டும் உண்மையாப் போச்சு. ஒரு பொய்யை ஒழுங்காச் சொல்லத் தெரியேல்லை உங்களுக்கு!"

"போடி விசரி" என்றார். அவருக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் எனக்கு ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு எப்படி அக்கா அப்படிச் சொன்னீர்கள், மனம் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் மோதிரத்தைத் துணியில் முடிந்துகொண்டே, பெரிய விஷயம் இல்லாத மாதிரிச் சொன்னார்.

"எனக்கு அந்தாள் போனதுதான் போனது. கல்லு போனதெல்லாம் ஒரு போறதே? நான் வாய் திறந்திருந்தால் உன்ரை பெட்டையெல்லோ போயிருப்பாள்."

புத்தூர் மாமிக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. ஒரு இரவு முழுவதும் எங்கள் குசினியில் அவர் கல் திருடியாக இருந்தார் என்று யாரும் சொல்லவில்லை. மகளுக்கு மூத்த பிள்ளை பிறந்தபோது முதல் ஆளாக ஓடி வந்து, ஒரு மாதம் நின்று பத்தியம் காய்ச்சிக் கொடுத்தவர் அந்த மாமிதான். அவர் ஒவ்வொருமுறை வரும்போதும் கதிரையில் விரிக்கிற துணியை நான் இரண்டு தரம் தட்டி விரிப்பேன். ஏன் இவ்வளவு மரியாதை என்று அவருக்கே குழப்பம்.

பல வருடங்களுக்குப் பிறகு கனடாவில் ஒரு நகைக்கடைக் கண்ணாடிக்குள் அதே மாதிரிக் கல்லைக் கண்டு மகள் விசாரித்திருக்கிறாள். பகலில் ஒரு நிறம், விளக்கில் ஒரு நிறம் காட்டுகிற அருமையான கல்லாம். இலங்கையிலும் எப்போதாவது அகப்படுமாம். அலெக்சாந்திரைற்று என்று பெயராம். தொலைபேசியில் மூன்று தரம் சொல்லித் தந்தாள், எனக்கு மூன்று தரமும் மறந்துபோனது. நானும் அக்காவும் அதற்கு வைத்த பெயர் புழுகுக்கல். அதுதான் வாய்க்கு இலகு.

அக்கா இப்போது இல்லை. மோதிரம் அவருடைய தம்பி வீட்டாரிடம் போயிருக்கும். கல் தொலையவில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது மறுநாள் விடிந்த பிறகுதான். அதற்கு முதல்நாளே அக்கா அதை ஒருமுறை முழுதாகத் தொலைத்து முடித்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். இன்றைக்கும் வீட்டில் ஒரு சாமான் காணாமல் போய், யாருடைய பெயராவது என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டால், விளக்கடியில் அந்த மஞ்சள் துணியை முடிந்த அக்காவின் விரல்கள் கண்ணுக்கு முன்னால் வரும். நான் வாயை மூடிக்கொண்டு விடியட்டும் என்று இருந்துவிடுவேன்.